ஓட்டுபவர் பெயர்

ஒரே வருடத்தில் காரை மூன்று முறை இடித்தவளுக்குப் பழைய கட்டணத்தில் காப்பீடு தர எந்த நிறுவனமும் தயாராக இல்லை. அவள் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப்போடும் நர்ஸ். ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. அந்த அவசரத்தில் ஒரு கேட், ஒரு வேன், கடைசியாகச் சிக்னலில் நின்றிருந்த ஒரு கார். கூட வேலை செய்கிறவர்கள் ‘ராக்கெட்’ என்று கூப்பிட்டபோது அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள்.

ஏஜென்ட் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். போன வருடத்தைப்போல் மூன்று மடங்கு.

“ஆபத்தான டிரைவர் பட்டியல்ல உங்களைச் சேர்த்துட்டாங்கம்மா. காப்பீடு இல்லாம வண்டியை ரோட்டுல இறக்கினா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனா...”

“வேலையும் போயிடும்” என்று அவளே முடித்தாள்.

வழி சொன்னவள் அக்கா. பள்ளி நூலகத்தில் வேலை. இருபது வருடமாக ஓட்டியும் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. “வண்டியை என் பேருக்கு மாத்திடு. நான்தான் ஓட்டறேன்னு எழுதினா பாதிகூட ஆகாது. யாருக்குத் தெரியப்போகுது?” படிவத்தில் வேறு யாராவது ஓட்டுவார்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதி, அக்கா நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

பயம் அதற்கப்புறம்தான் பிடித்துக்கொண்டது. ராக்கெட் இப்போது சைக்கிள்களுக்கெல்லாம் வழிவிட்டுப் போனாள். கண்ணாடியில் போலீஸ் ஜீப் தெரிந்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவாள். மோதினால் தனக்கு என்ன ஆகும் என்பதைவிட, அந்தக் கையெழுத்துக்காக அக்காவைக் கூண்டில் ஏற்றிவிடுவார்களோ என்றுதான் பயந்தாள். காலில் ஆறாத புண்ணோடு இருந்த பெரியவர் ஒருவர் அவள் விரல்களையே பார்த்துவிட்டுக் கேட்டார், “சர்க்கரை எனக்குத்தானேம்மா, நீ ஏன் நடுங்கற?”

இரண்டாவது மாதம், ஒரு காலை. மருந்துக்கடை வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்தபோது ‘டப்’பென்று சத்தம். இறங்கி ஓடினாள். சைக்கிளோடு விழுந்து கிடந்தவர் ஒரு தச்சர். உளியும் இழைப்புளியும் தெருவில் சிதறியிருந்தன. மணிக்கட்டைத் தொட்டதுமே எலும்பு முறிந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அணைகொடுத்துக் கட்டினாள்.

“வலது கையாச்சேம்மா. மறுபடி வேலைக்கு ஆகுமா?” என்று அவர் கேட்டார். அவள் கட்டின் முடிச்சை இறுக்கினாள்.

கடைக்காரர் போலீசுக்குச் சொல்ல, அவள் அக்காவுக்குப் போன் செய்தாள்.

“நீ வாயே திறக்காத. பத்து நிமிஷத்துல வந்துடறேன். நான்தான் ஓட்டினேன்னு சொல்லிக்கலாம்.”

“பார்த்தவங்க இருக்காங்கக்கா.”

“நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. சும்மா இரு.”

போலீஸ்காரர் முந்திக்கொண்டார். காகிதங்களைப் புரட்டினார். “வண்டி யாருது?”

“அக்காவோடது.”

“ஓட்டினது யாரு?”

எதிர்ப்பக்கம் டாக்ஸியிலிருந்து அக்கா இறங்கினாள். கழுத்தில் நூலக அடையாள அட்டை ஆட, ஓட்டமும் நடையுமாக வந்தாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் அந்தப் பொய் அக்காவின் வாயிலிருந்து வந்துவிடும்.

“நான்” என்றாள். “தினமும் நான்தான் ஓட்டறேன். படிவத்துல எழுதியிருக்கறது பொய்.”

அக்கா நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள்.

ஐந்து வாரம் விசாரணை. வாசல் மணி அடித்தாலே இருவருக்கும் திக்கென்றது. தச்சருடைய மருத்துவச் செலவை நிறுவனம் கொடுத்துவிட்டு, அதை அவர்களிடமிருந்தே வசூலித்தது. காப்பீட்டையும் ரத்து செய்தது. அக்காவுக்கு அபராதம். தங்கையின் லைசென்ஸ் ஆறு மாதம் முடக்கம். பஸ்ஸில் போய் வந்ததில் பதினோரு வீடு ஆறாகச் சுருங்கியது. தச்சரின் கை கூடியது. ஆனால் பழைய பிடி இல்லை என்றார்.

“பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?” என்ற அக்கா அப்புறம் ஒரு மாதம் பேசவில்லை.

தடை முடிந்ததும் தங்கை வண்டியைத் தன் பெயருக்கே மாற்றிக் காப்பீடு எடுத்தாள். கட்டணம் இப்போது நான்கு மடங்கு. போதாததற்கு வேகத்தைப் பதிவு செய்யும் கருவியையும் வண்டியில் பொருத்தினார்கள். மூன்று வருடம் எதிலும் இடிக்காமல் ஓட்டினால் குறையும் என்றார் ஏஜென்ட்.

முதல் நாள் காலை அக்கா கேட்காமலே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள்.

“கை நடுங்குதுக்கா.”

“நடுங்கட்டும். மெதுவா எடு.”

பின்னால் மூன்று தடவை பார்த்துவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.