முதல் ஊசி

சந்தை நாளில் மல்லசமுத்திரம் டாக்டர் கதிர்வேலின் கிளினிக் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. கைராசிக்காரர் என்று பெயர். மேல்சிகிச்சைக்குச் சேலம் போகிறவர்கள்கூட அவர் கையால் ஒரு ஊசி போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள்.

கூட்டம் கலைந்தால் அவரோடு பேச ஆளில்லை. உடன் படித்த வீரபாகு இருந்தவரை, மாதந்தோறும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நடக்கும் மருத்துவர்கள் கூட்டத்துக்கு இருவரும் ஒரே காரில் போவார்கள். அங்கே கேட்ட புதுச் சேதிகளை வைத்து வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே திரும்புவார்கள். வீரபாகு இறந்தபின் கதிர்வேல் ஒரே ஒரு தடவை தனியாகப் போனார். இளவட்டங்களுக்கு நடுவே பேச்சுத்துணையின்றி உட்கார மனம் கூசியது. அதோடு நின்றுவிட்டார். இத்தனை பேர் கும்பிடும்போது இனி எதற்குப் பாடம் என்று சமாதானம் வேறு சொல்லிக்கொண்டார். தனியாக இருக்கும் மனுஷனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்!

அன்று தென்னை ஏறிய சின்னுசாமியைக் கதண்டுக் குளவி கொட்டிவிட்டது. உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியவரை மனைவி குப்பாயி ஆட்டோவில் கொண்டுவந்தார். கதிர்வேல் வழக்கம்போல ஒவ்வாமைக்கான ஊசிகளில் ஏவில் ஒன்றும் டெக்கட்ரான் ஒன்றும் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அட்ரினலின் ஊசியை அவர் வாங்கி வைப்பதேயில்லை. வயதானவர்களின் நெஞ்சு தாங்காது, அது பெரிய ஆஸ்பத்திரிச் சமாசாரம் என்பது அவர் எண்ணம். நாடி விரலுக்குச் சிக்காமல் போனதும் பதறிப்போய், தன் காரிலேயே இருவரையும் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோடு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்.

அங்கிருந்த இளம் டாக்டர் மைதிலி தொடையில் அட்ரினலினைப் போட்டுவிட்டுத்தான் விவரமே கேட்டார். சற்று நேரத்தில் சின்னுசாமி கண் திறந்தார். கதிர்வேல் தான் போட்ட ஊசிகளைச் சொன்னார்.

மைதிலி குரலைத் தணித்தார். "மூச்சும் நாடியும் எறங்கிட்டா அட்ரினலின்தான் சார் மொத ஊசி. ஏவில், டெக்கட்ரான் எல்லாம் அதுக்கப்புறந்தான். இன்னுங் கொஞ்சம் தாமதமாயிருந்தா..."

வெளியே குப்பாயி கும்பிட்டபடி நின்றார். "நீங்க போட்ட ஊசிதானுங்க சாமி, இங்க வார வரைக்கும் உசுரப் புடிச்சு வெச்சுது."

பேசாமலிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பேர் இன்னும் கூடத்தான் செய்யும். ஆனால் கதிர்வேல் குப்பாயியின் கூப்பிய கைகளை இறக்கிவிட்டார்.

"இல்லீங்க. போட வேண்டிய ஊசிய நான் போடவே இல்லீங்க. அதுதான் மொதல்லன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கறதையே உட்டுப்போட்டனுங்க. உங்க ஊட்டுக்காரர் பொழச்சது உள்ள இருக்கற அந்தப் புள்ளையால."

ஏசுவார் என்று தலை குனிந்து நின்றார். ஆனால் குப்பாயி ஏசவில்லை.

"ஊரே உங்களக் கும்புட்டுட்டு இருந்துபோட்டோம். தப்புன்னு சொல்ல ஒராளுகூட உங்களுக்கு இல்லாமப் போச்சுங்களே" என்றார்.

வீரபாகு போனதிலிருந்து தேக்கி வைத்திருந்த அழுகை கதிர்வேலுக்குப் பொங்கி வந்தது. துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்பிடி ஒராளத் தேடிப் போகாதது என் குத்தமுங்க. ஊருக்குப் போய்ச் சொல்லுங்க. படிக்கறத நிறுத்துன டாக்டர்கிட்டக் கைராசிய நம்பி உசுர ஒப்படைக்கக் கூடாதுங்க. அது நானா இருந்தாலுஞ் சரி."