ஏரிக்கு நடுவே ஈஸ்வரியின் வீடு

டிசம்பர் புயல்மழை விட்ட காலையில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஏரிக்கரையில் இருந்த ஈஸ்வரியின் வீடு, ஏரிக்கு நடுவே இருந்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. மழைநீர்க் கால்வாய் ஊர்க் குப்பை முழுவதையும் வாரிவந்து ஏரியில் தள்ளியிருந்தது. பாலித்தீன் பைகளும் தெர்மாகோலும் தண்ணீர் பாட்டில்களும் வீட்டுக்கு அடியில் புகுந்து மெத்தைபோல் இறுகி, அதை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போயிருந்தன. அதில் ஈஸ்வரி கால்வாயில் வீசியவையும் உண்டு.

முதல் மாதம் பார்க்க வந்தவர்களின் பைக்குகளால் கரையில் நிற்க இடமில்லை. பிறகு பழகிவிட்டது. காற்று அடிக்கும் பக்கமெல்லாம் வீடு நகர்ந்தது. கரை ஒட்டும் நாளில் ஈஸ்வரி இறங்கி ரேஷன் வாங்கிக்கொண்டு ஏறினாள். கணவன் பரசுராமன் இறந்து ஆறேழு வருடம் ஆகியிருந்தது. மகன் அன்புசெல்வன் திருவள்ளூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் மனைவி, குழந்தைகளோடு இருந்தான். ஒருமுறை லாரி டியூபில் மிதந்து வந்தான்.

"இன்னாத்துக்கும்மா இந்த பேஜாரு? ஊட்ட வுட்டுட்டு எங்கூட வந்துடு."

"வந்துட்டு எங்கடா படுக்கறது?"

கேட்டதில் குத்தல் ஏதும் இல்லை. அவன் டீ குடித்துவிட்டுப் போனான். அடுத்த மழைக்காலம் வரை வரவில்லை.

அவளுக்குத் துணையாக வந்தவை விரால் மீன்கள்தான். குப்பை மூடியதில் ஏரி முழுக்க மூச்சுவிடத் திறந்திருந்த இடம், சமையலறைத் தரையில் விழுந்த ஓட்டை ஒன்றுதான். அங்கே முட்டி மோதி வாயைத் திறந்து திறந்து மூடின. ஈஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். விலைவாசி, கால்வலி எல்லாம் சொன்னாள். இரண்டாம் கோடையில் மீன்கள் செத்து மல்லாந்தன. தினமும் காலையில் வாளியில் அள்ளினாள். கடைசியில் ஒரே ஒரு விரால் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அந்த ஆண்டுதான் பேரூராட்சியின் குப்பை அள்ளும் மிதவை இயந்திரம் வந்தது. ஓட்டி வந்த ராபின் வாசலில் நிறுத்தினான். குப்பையை எடுத்தால் வீடு முழுகிவிடும், எடுக்கக் கூடாது என்று அவள் எழுதிக் கொடுத்தால் திரும்பிப் போய்விடுவதாகச் சொன்னான். கரையிலிருந்து அன்புசெல்வன் இறங்கிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். ஈஸ்வரி உள்ளே போய் ஓட்டையை எட்டிப் பார்த்தாள். விரால் வாயைப் பிளந்தபடி நின்றது.

"எடுத்துடு நைனா," என்றாள். "அதுவும் எத்தினி நாளைக்குத் தாங்கும்?"

ராபின் மிதவையில் ஏறச் சொன்னதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டாள். பரசுராமனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. மாலைக்குள் லாரி லாரியாகக் குப்பை போயிற்று. கடைசிப் பையை உருவியபோது ராபின் கண்ணை மூடிக்கொண்டான். வீடு லேசாக ஒரு முறை ஆடி, வெறும் தண்ணீர்மேல் அப்படியே நின்றது. அவன் குனிந்து அடியில் பார்த்தான். தண்ணீர்தான் இருந்தது. இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

கால்வாய் வாயில் வலை கட்டினார்கள். மின்வாரியத்தார் வீடு நகர்ந்து சுழலத் தோதாகக் கம்பியை நீளமாக விட்டுக் கொடுத்தார்கள். விரால்கள் பெருகின, ஏரி முழுக்கத் திறந்துகிடந்ததால் ஓட்டைப் பக்கம் எதுவும் வரவில்லை. ஈஸ்வரி அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அன்புசெல்வன் வருவது அபூர்வம். ஞாயிறுகளில் போன் செய்வான்.

"இன்னிக்கு வாசல் எந்தப் பக்கம்மா?"

அவள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

"உன் பக்கந்தான்டா."