அசையாத பால்

உறை ஊற்றி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. யோவ்கா தொட்டிக்கும் சுவரில் இருந்த கண்ட்ரோலர் பெட்டிக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். தொட்டியில் நானூறு லிட்டர் செம்மறி ஆட்டுப்பால். நாற்பத்து மூன்று டிகிரியில் நான்கு மணி நேரம் அசையாமல் கிடந்தால் தயிர். சூடு தவறினால் அத்தனையும் பன்றித்தொட்டிக்குத்தான்.

அந்தச் சூட்டைக் காக்கும் பொறுப்பு இன்று முதல் அவளுடைய சென்சாரிடம் இருந்தது. கடையில் இதேபோன்ற சென்சாருக்கு நூற்றெண்பது லெவா விலை சொன்னார்கள்.

"எதுக்குண்ணே அவ்வளவு? அஞ்சு லெவாவுல நான் செஞ்சு தர்றேன்," என்று தயிர்ப்பட்டறைக்காரன் கிராசிமிரிடம் வாக்குக் கொடுத்தவள் அவள்தான்.

சூட்டுக்கு ஏற்ப மின்தடை மாறும் மிளகளவு மணி ஒன்று, ஒரு ரெசிஸ்டர், மெல்லிய எஃகுக் குழாய். அவ்வளவுதான். கண்ட்ரோலர் பூஜ்யத்திலிருந்து பத்து வோல்ட் வரை வாசிக்கும். அந்தப் பத்து வோல்ட் அளவையும் முழுதாக நிரப்பிவிட வேண்டுமென்ற ஆசையில், பெட்டியில் இருந்த இருபத்து நான்கு வோல்ட்டை அப்படியே மணிக்குக் கொடுத்திருந்தாள். நேற்று கலக்கி இயந்திரம் சுழலும் பாலில் சோதித்தபோது கண்ணாடி வெப்பமானியோடு இம்மியும் பிசகவில்லை.

இப்போது திரையில் 43.8. அதை நம்பி, தொட்டியைச் சுற்றி ஓடும் சுடுநீரின் வால்வு மூடிக் கிடந்தது. கண்ணாடி வெப்பமானியிலோ நாற்பதுதான்.

"எது பொய் சொல்லுது, இஞ்சினியரம்மா?" என்றான் கிராசிமிர்.

"கண்ணாடி பழசுண்ணே..."

அவன் கையைக் கழுவி, சுண்டுவிரலைத் தொட்டியின் ஓரத்தில் மெல்ல விட்டான். "மூணு எண்ணுறதுக்குள்ள சூடு சுருக்குன்னு கடிக்கணும். பத்து எண்ணிட்டேன். என் விரலும் பழசா?"

அவள் முகம் சிவந்தது. ஜன்னலுக்கு வெளியே ரொடோப்பி மலைச்சரிவில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ உலகத்தை மெல்ல அழிப்பதுபோல அது தோன்றியது. நேற்று சரி, இன்று தப்பு. நடுவில் என்ன மாறியது?

அதேபோல் செய்து மிச்சமிருந்த இன்னொரு சென்சாரைக் கண்ட்ரோலரின் இரண்டாவது வாயிலில் மாட்டி, ஒரு கோப்பை வெந்நீரில் விட்டாள். கரண்டியால் கலக்கினாள்: 42.1. கையை எடுத்தாள். எண் மெல்ல ஏறத் தொடங்கியது. 43. 44. ஆறிக்கொண்டிருக்கும் தண்ணீரில் சூடு எப்படி ஏறும்?

"அய்யோ அண்ணே, மணி தானே சூடாகுது! நான் கொடுத்த கரண்டுல அதுவே காயுது. கலக்குனா பால் அந்தச் சூட்டை அள்ளிட்டுப் போயிடும். நின்னுட்டா அது தன்னைத்தானே அளக்குது."

"உறை ஊத்துன பாலை எவனாவது கலக்குவானா?"

"மாட்டான். நான்தான் கலக்கியை ஓடவிட்டுச் சோதிச்சேன்."

அவள் தன் சென்சாரின் வயரைப் பிடுங்கினாள். கண்ட்ரோலரைக் கைமுறைக்கு மாற்றி வால்வைத் தானே பிடித்துக்கொண்டாள். ஒரேயடியாகத் திறந்தால் ஓரத்துப் பால் வெந்துவிடும், நடுப்பால் ஆறியே கிடக்கும். அதனால் ஒரு நூல் திறந்தாள், பொறுத்தாள், மூடினாள், கண்ணாடியைப் பார்த்தாள். நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றரை. கிராசிமிர் நீட்டிய ரொட்டியைக் கடித்தாள், விழுங்கியது நினைவில்லை. நாற்பத்து மூன்றைத் தொட ஒரு மணி நேரம் போயிற்று. அதற்குப் பிறகும் அவள் வால்வை விட்டு நகரவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு அவன் கத்தியைக் கொண்டுவந்து தொட்டியின் நடுவே ஒரு கீறல் போட்டான். பிளவு மறுபடி ஒட்டிக்கொள்ளவில்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெளிநீர் கசிந்தது.

"ஓரம் கொழகொழன்னுதான் இருக்கு. ஆனா தயிருதான்," என்றான். "நூத்தெண்பதுக்கே வாங்கிடவா?"

"வேணாம்ணே. வோல்ட்டைக் குறைச்சா மணி காயாது. கண்ட்ரோலரோட பத்து வோல்ட்டும் நிரம்பாது, நிரம்பாட்டி என்ன?"

"அப்போ நாளைக்கும் வால்வு உன் கையில. அசையாத பால்ல உன் குழாயும் என் கண்ணாடியும் ஒரே எண்ணைச் சொல்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது."

அவள் தலையாட்டியபடியே பெட்டியின் திருகைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.