ஐந்தாவது ராடு

கோவர்த்தனன் தன் மகள் தாட்சாயணியின் கல்யாணப் பத்திரிகையைத் தாய்மாமனுக்குத் தபாலில் போட்டார்.

வெளியில் சொன்னால் சத்தியவேட்டில் யாரும் நம்பமாட்டார்கள். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. இரண்டாவது பெண்ணின் தாய்மாமனுக்கு. அதுவும் புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம் வைத்து, கையில் கொடுத்து அழைக்க வேண்டும். அப்புறம்தான் ஊருக்கு. தாய்மாமனுக்குத் தபாலில் போட்டால் 'நீ வராதே' என்று எழுதிப் போட்டதாகத்தான் அர்த்தம். இதெல்லாம் கோவர்த்தனனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்துதான் ஸ்டாம்பை நக்கி ஒட்டினார்.

கோபத்துக்குக் காரணம் எல்லை. தாய்மாமன் வேதாச்சலம், கோவர்த்தனனின் மனைவி சுலோசனாவுக்கு அண்ணன். திருத்தணியில் ரைஸ் மில் வைத்திருப்பவர். திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருக்கக் கூடாது, மெட்ராஸோடு சேர வேண்டும் என்று வருஷக்கணக்கில் கூட்டம் போட்டவர்களில் ஒருவர். மச்சானுக்காகக் கோவர்த்தனனும் பஸ் ஏறிப் போய் அந்தக் கூட்டங்களில் கை தட்டியிருக்கிறார். கடைசியில் எல்லைப் பேச்சு முடிந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. அதற்கு ஈடாக, அதுவரை செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த சத்தியவேடு ஆந்திராவுக்குப் போயிற்று. செய்தி உறுதியான அன்று கோவர்த்தனன் திருத்தணிக்கு ஓடினார். மில் வாசலில் வேதாச்சலம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் கையிலும் ஒரு பிடி வைத்தார்.

"எங்க ஊரை வித்து வாங்கின சக்கரையா மச்சான் இது?" என்று கேட்டு, அதைத் தரையில் கொட்டிவிட்டு வந்தவர்தான். அதோடு பேச்சு நின்றது.

பிரிந்தது இரண்டு ஆட்கள் மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். நடுவில் ஒரு கார் மாட்டிக்கொண்டது.

அது 1930-ஆம் வருஷத்துச் செவர்லே. துணிக்கூரை போட்ட திறந்த வண்டி. சுதந்திரம் வந்த வருஷம், நாகலாபுரம் பக்கம் ஒரு மிட்டாதாரின் வைக்கோல் கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த அதை, மச்சானும் மாப்பிள்ளையுமாக மாட்டைக் கட்டி இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்து கோவர்த்தனன் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகைதான் அதற்கு இடம். எந்த மெக்கானிக்கையும் அவர்கள் அதன் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. கோவர்த்தனன் கை, வேதாச்சலம் காது. அப்படித்தான் பதிமூன்று வருஷமாக அந்த எஞ்சின் ஓடியது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிணற்றுக்கு வெடி வைத்தபோது கோவர்த்தனனுக்கு இடது காது அடியோடு போய்விட்டது, வலது காது பாதி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தடவியே எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று சொல்லுவார். வேதாச்சலத்துக்கு ஒரு நட்டைக்கூட நேராக முடுக்கத் தெரியாது. ஆனால் மில் எஞ்சின் சத்தத்திலேயே குடியிருந்தவர். சாப்பிட்டுக்கொண்டே, தெருவில் போகும் பஸ்ஸுக்கு எங்கே நோவு என்று சொல்லிவிடுவார். தை அறுப்பு முடிந்ததும் சத்தியவேட்டுக்கு வந்து நாலு நாள் தங்குவார். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டுச் சொல்ல, இவர் வண்டிக்கு அடியில் படுத்துச் செய்வார். இந்தத் தையில் அவர் வரவில்லை.

வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் புத்தூர். மாப்பிள்ளை அழைப்பு இந்தக் காரில்தான் என்று கோவர்த்தனன் நிச்சயத்தன்றே சபை நடுவில் மார்தட்டிவிட்டார். காரோ சித்திரை பிறந்ததிலிருந்து வயிற்றுக்குள் தட்ட ஆரம்பித்திருந்தது. அந்தத் தட்டல் அவர் காதுக்கு எட்டவில்லை. ஸ்டியரிங் வழியாக உள்ளங்கைக்குத்தான் வந்தது.

பிஸ்டன்களைத் தள்ளி இழுக்கும் ஆறு ராடுகளில் ஏதோ ஒன்றில் பேரிங் தேய்ந்து தொளதொளத்துவிட்டது, அவ்வளவுதான். அந்த ராடின் மூடியைக் கழற்றி, இடையில் இருக்கும் மெல்லிய தகடுகளில் ஒன்றை உருவிவிட்டு மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும். ஆனால் ஆறு ராடில் எது? எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு பிளக்காக ஸ்க்ரூ டிரைவரை வைத்து அடக்கிப் பார்க்க வேண்டும். எதை அடக்கும்போது தட்டல் தணிகிறதோ அதன் ராடுதான் ஆள். முழுக்க முழுக்கக் காது வேலை. கோவர்த்தனன் சுலோசனாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இப்போ கொறையுதா?"

"கொறையுது."

"இப்போ?"

"இதுவும் கொறையிறாப்பலதான் கீது. எனக்கு இன்னாங்க தெரியும்? கேக்க வேண்டியவங்கள இட்டாந்து கேளுங்க."

கோவர்த்தனன் எஞ்சினை நிறுத்தினார். மூன்றாவதாகத்தான் இருக்கும் என்று தானே முடிவுகட்டி, ஆயில் சட்டியை இறக்கி, ஒரு பகல் முழுக்க முதுகு வேகப் படுத்து, மூன்றாவதில் ஒரு தகட்டை உருவினார். மறுநாள் தட்டல் அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு எஞ்சின் இறுகிப்போய், முன்னால் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிட்டது.

அன்று மத்தியானம் தபால்காரர் துலுக்காணம் வந்தார். உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றார்.

"தீஸ்கோலேதண்டி," என்று தெலுங்கில் சொல்லி ஒரு கவரை நீட்டினார். "வாங்க மாட்டேன்னு சொல்லிட்டாராம்."

மஞ்சள் தடவிய கவர். மேலே வேதாச்சலத்தின் விலாசத்தைக் குறுக்கே அடித்து, வாங்க மறுத்தார் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கோவர்த்தனன் அதைச் சட்டைப்பைக்குள் திணிப்பதற்குள் சுலோசனா பார்த்துவிட்டாள். 'போகலாம், போகலாம்' என்று புருஷன் நாள் கடத்திக்கொண்டிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் என்றிருக்கும்.

"எங்க அண்ணனுக்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிச்சீங்களா?" என்றாள். "சரி. தாட்சாயணிய நீங்க ஒருத்தராவே தாரவாத்துக் குடுத்துடுங்க. எங்க அண்ணன் இல்லாத பந்தல்ல நான் வந்து நிக்க மாட்டேன்."

சுலோசனா சொன்னால் சொன்னதுதான். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நடத்திக் காட்டியிருக்கிறாள். தாயில்லாத மணையில் மகள் உட்காரும் காட்சி கோவர்த்தனன் கண்முன் வந்தது.

கொட்டகைக்குப் போய்க் காரின் படியில் உட்கார்ந்தார். கோடு போட்டவர்கள் யாரோ. வேதாச்சலமா பேனா பிடித்தார்? சத்தியவேடு மெட்ராஸில் நிலைத்து, திருத்தணி சேராமல் போயிருந்தால், தான் சர்க்கரை கொடுக்காமல் இருந்திருப்போமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கொடுத்திருப்பார். லட்டே பிடித்திருப்பார். இந்தப் பதில் வந்ததும் அவருக்கு வெட்கமாக இருந்தது. மச்சான் மேல் இருந்த கோபத்தைவிட, மச்சான் இல்லாத வெறுமைதான் இத்தனை மாசமாகத் தன்னை அரித்தது என்பதும் புரிந்தது.

மறுநாள் காலையில், "தட்டு எடுத்து வை, திருத்தணிக்குப் போய்ட்டு வரலாம்," என்றார்.

"பஸ்ஸுலயா?"

"கார்ல."

"இந்தக் கார்லயா?" என்றாள் சுலோசனா. ஆனாலும் மறுபேச்சு பேசாமல் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தட்டை மடியில் வைத்துப் பின் சீட்டில் ஏறினாள். வண்டியை ஓட்டிப் பார்க்கத்தான் போகிறோம் என்று கோவர்த்தனன் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீம்பு அவ்வளவு சுலபத்தில் இறங்குமா? நாகலாபுரம் தாண்டி, நகரி தாண்டி, மாட்டுவண்டிகள்கூட முந்திக்கொண்டு போகிற வேகத்தில் உருட்டினார். உள்ளங்கையில் தட்டல் ஏறிக்கொண்டே வந்தது.

மில் இருந்த தெருவுக்குள் திரும்பும்போதே வேதாச்சலம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். காரைப் பார்த்து வந்தவர் அல்ல. உள்ளேயிருந்து கேட்டு வந்தவர். முகம் கடுகடுவென்று இருந்தது. கோவர்த்தனன் எஞ்சினை நிறுத்தக் கையை நீட்டினார்.

"நிறுத்தாதே."

தங்கையைப் பார்த்து, "வாம்மா," என்று ஒரு வார்த்தை. தங்கை புருஷனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக வந்து பானெட்டைத் தூக்கினார். மில்லுக்குள்ளிருந்து ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொல்லி, பிளக்குகளை ஒவ்வொன்றாக அடக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் நின்று மூக்கைச் சுளித்தார். ஐந்தாவதில் தலையை ஆட்டினார்.

"அஞ்சாவது ராடு," என்றார், காரிடம் சொல்வதுபோல. "மூணாவதை எவனோ குருடன் இறுக்கி வச்சிருக்கான். அவுத்துட்டுச் செய்யணும். இல்லன்னா ஊர் போய்ச் சேராது."

கோவர்த்தனன் தட்டைப் பற்றிப் பேச வாயெடுத்தார். வேதாச்சலம் அதற்குள் முன்சக்கரங்களுக்கு அடியில் கட்டை கொடுக்க ஆட்களைக் கூப்பிட்டுவிட்டார். காருக்கு வைத்தியம் உண்டு, மனுஷனுக்குப் பேச்சு இல்லை என்று ஆயிற்று. கோவர்த்தனன் வேட்டியை மடித்துக் கட்டி அடியில் படுத்தார். சுலோசனா வேப்ப மரத்தடியில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வீட்டுக்குள் வா என்று அண்ணி கூப்பிட்டும் போகவில்லை.

மூன்றாவதில் தகட்டைத் திரும்ப வைத்தார். ஐந்தாவதில் ஒன்றை உருவினார். அடியிலிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் வேதாச்சலத்தின் இரண்டு பாதங்கள்தான். முகம் தெரியாத இடத்தில் பேசுவது எளிதாக இருந்தது.

"மச்சான்."

பாதங்கள் அசையவில்லை.

"தெரிஞ்சேதான் தபால்ல போட்டேன். தப்பு பண்ணிட்டேன். சக்கரையைக் கொட்னதும் தப்பு."

மேலேயிருந்து பதில் வந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கல மாப்ளே. வெளியே வந்து சொல்லு."

எந்த பஸ்ஸுக்கு எங்கே நோவு என்று சோற்றில் கை வைத்துக்கொண்டே சொல்லுகிற மனுஷன்! கோவர்த்தனன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், முதுகைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தார். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். மில் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையால் தட்டைத் தொட முடியாது. சுலோசனா எழுந்து வந்து தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"தப்பு பண்ணிட்டேன் மச்சான். எம் பொண்ணு கல்யாணத்துக்கு முன்ன நின்னு நீதான் நடத்திக் குடுக்கணும்," என்றார். காது போனவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

வேதாச்சலம் மேல்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, அதைத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார்.

"மொதல்ல கையைக் கழுவிக்கினு வந்து சோறு துன்னு," என்றார்.