மெஷின் தட்டியது கணக்கில் சேராது

1

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்கு பௌலிங் ஆடத் தெரியாது (கிரிக்கெட் இல்லை; புட்டி மாதிரி நிற்கும் பத்து ‘பின்’களைப் பந்தை உருட்டிச் சாய்க்கும் ஆட்டம்). நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் அந்தக் கூடத்துக்குப் போனேன். அங்கே ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், விழுந்த பின்னை மறுபடி நிறுத்தச் சொல்லி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விழுந்தால் அவருக்குத்தான் நல்லது. வேண்டாம் என்கிறார்! ஏன் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. வீட்டுக்கு வந்து நானாகக் கட்டிய கதை இது.

முதல் வரி இப்படி இருந்தது: ‘பத்து பின்களும் முக்கோணமாக நின்றன, அவள் வாழ்க்கையைப்போல…’

அடித்துவிட்டேன். யார் வாழ்க்கை ஐயா முக்கோணமாக நிற்கிறது?

2

அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கூடத்தில் எல்லோருக்கும் எக்ஸ்ரேம்மா. அவர் ஆடும் அணிக்குக் கேப்டன், அவர் மகள். மகள் வேலை மாறி நகரத்தின் அந்தக் கோடிக்குக் குடிபோய்விட்டாள். போனில் பேச்சு “சாப்பிட்டியா”வைத் தாண்டாது. வாரத்தில் இந்த ஒரு சாயங்காலம்தான் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வம்பளப்பார்கள்.

அன்று கார் நிறுத்தும் இடத்திலேயே மகள் சொல்லிவிட்டாள்.

“இன்னிக்கும் ஸ்பிளிட்டா விட்டுட்டு நின்னா, அடுத்த வாரம் வேற ஆளைப் போடணும்மா. மத்தவங்க கேக்குறாங்க.”

“போட்டுக்கோடி. எனக்கென்ன” என்றார் அம்மா. சாத்திய கார் கதவை மறுபடி திறந்து சாத்தினார்.

3

(தெரியாதவர்களுக்காக. நானும் போன வாரம்தான் படித்தேன்.)

முதல் பந்தில் எல்லாம் விழாவிட்டால், மிச்சத்தைச் சாய்க்க இன்னொரு பந்து உண்டு. ஒரே ஒரு பின் நின்றால் பயமில்லை. ஒட்டி ஒட்டி நின்றாலும் ஒன்று இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு விழும். முன்னால் நிற்கும் பின் விழுந்து, மிச்சம் ஆளுக்கொரு திசையில் இடைவெளி விட்டு நின்றால் அது ஸ்பிளிட். அதிலும் பின்வரிசையின் இரண்டு மூலைகள் மட்டும் நின்றால் கைதேர்ந்தவர்களே கும்பிடு போட்டுவிடுவார்கள்.

இது பெரும்பாலும் எப்படி வருகிறது என்றால், முன்னால் நிற்கும் அந்தப் பின்னை நட்டநடுவில் இடிப்பதால். கொஞ்சம் ஓரமாக இடிக்க வேண்டும். பயந்தவர்களுக்கு அது வராது. அவர்கள் கண்ணுக்கு முன்னால் நிற்பதை நேராகப் போய் மோதுவார்கள்.

4

எக்ஸ்ரேம்மா நேராக மோதினார். கடைசிப் பந்துக்கு முந்தைய பந்து. இரண்டு மூலைகள் நின்றன.

மெஷின் இறங்கி, நின்ற இரண்டையும் தூக்கி, விழுந்ததைப் பெருக்கி, திரும்ப வைத்தது. வைக்கும்போது வலது மூலைப் பின் இடறி, ஆடி, சாய்ந்தது. இப்போது ஒன்றே ஒன்று. எதிரணியினர் யாரோ காட்டிய வீடியோவில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள்.

அங்கே புள்ளியைக் கையால்தான் பதிய வேண்டும். மகள் ‘ஒன்பது’ என்று அழுத்தினாள்.

மெஷின் தட்டி விழுந்தது கணக்கில் சேராது; எழுப்பி நிறுத்த வேண்டும். அம்மாவுக்கு இது தெரியும். மகள் பார்த்தாளா, பார்க்கவில்லையா? அதுதான் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டால் அடுத்த வாரமும் மகள் பக்கத்து நாற்காலி உண்டு.

5

(இங்கே ஒரு உண்மை. இரண்டாவது வரைவில் அவர் கணவரை மாரடைப்பில் சாய்த்துவிட்டேன். அம்மா தனியாள் என்றால் வாசகர் சுலபமாகக் கலங்குவார், எனக்கும் ஒரு பாத்திரம் மிச்சம். பிறகு கூச்சமாகிவிட்டது. என் கை பட்டு விழுந்தவரை எப்படிக் கணக்கில் வைப்பது? எழுப்பி உட்காரவைத்துவிட்டேன். மனுஷன் வீட்டில் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார்.)

6

‘அவர் பேசாமல் பந்தை எடுத்து…’

இல்லை. இதையும் எழுதிப் பார்த்தேன். அவர் எடுக்க மறுத்தார். மேஜைக்குத் திரும்பி வந்தார்.

“எட்டுன்னு மாத்துடி.”

“ஒன்பதுதான்மா. போய்ப் போடு.”

“மெஷின் தட்டிச்சு. நான் பாத்தேன்.”

“நானுந்தான் பாத்தேன்.” மகள் தலையைத் தூக்கவில்லை.

“அப்புறம் ஏன்டி?”

“வேற என்ன பண்ணச் சொல்ற? நீ வரலன்னா எனக்கு இங்க யாரும்மா இருக்கா?”

இந்த வரி எந்த வரைவிலும் இல்லை. இத்தனை நாளும் அம்மாவின் பயத்தை மட்டுமே சுமந்துகொண்டிருந்தேன். மகளுக்கும் அதே பயம் என்பது எனக்கே தெரியாது.

அம்மா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கவுன்டர்க்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். “அந்தப் பின்னை நிறுத்துங்க சார்!”

7

இப்போது இரண்டு மூலைகளும் நிற்கின்றன. ‘எட்டு’ என்று மாற்றியாயிற்று. எக்ஸ்ரேம்மா பந்தோடு நிற்கிறார்.

இரண்டையும் சாய்த்துவிடலாம், யாரும் நம்பமாட்டீர்கள். ஒன்றை மட்டும் சாய்க்கலாம், அது நடக்கக்கூடியது. எனக்குக் கை வரவில்லை. நீங்களே உருட்டிவிடுங்கள். ஆனால் விழாவிட்டால், அடுத்த வாரம் அந்த மகள் போனை எடுத்து, ஆட இடமில்லாத அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவாள் என்பதையும் நீங்கள்தான் எழுத வேண்டும். கூப்பிடாமல் இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.