பன்னிரண்டு நிமிஷக் கதை

கடிகாரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கதையை உரக்கப் படித்தேன். ஆறாவது தடவை. முடித்தபோது பெரிய முள் சரியாகப் பன்னிரண்டு நிமிஷம் நகர்ந்திருந்தது. 'அடேயப்பா, பிரான்சுவா, கெட்டிக்காரன்தான்டா நீ' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்? என் மனைவி அகஸ்டினா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. வீட்டில் நானும் கடிகாரமும்தான்.

சென்னையில் ரேடியோ நிலையம் திறந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கிருந்து வந்த கடிதத்தை மடிப்புக் கிழிகிற அளவுக்குப் படித்துவிட்டேன். கதையை நானே நேரில் வந்து வாசிக்க வேண்டுமாம். பன்னிரண்டு நிமிஷம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பத்திரிகை என்றால் நீளமான கதையை வெட்டுவார்கள். குறைந்துபோனால் அடியில் தைல விளம்பரம் போட்டு ஒப்பேற்றுவார்கள். இங்கே அந்தச் சௌகரியமெல்லாம் கிடையாது.

பகல் முழுக்கப் புதுச்சேரிக் கோர்ட்டில் உட்கார்ந்து பிரெஞ்சுத் தீர்ப்புகளுக்கு நகல் எழுதுவது என் உத்தியோகம். அலமாரிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், ஒருவரும் தொடமாட்டார்கள் என்று தெரிந்தே இருபது வருஷமாக எழுதுகிறேன். ஒரே ஒரு தடவை, நான் எழுதினதை யாராவது காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பேராசையா அது?

இந்தச் சங்கதியை யாரிடம் சொல்வது? ஆபீசில் சொன்னால் 'அப்படியா' என்று மூக்குப்பொடி போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் மீன் கொண்டுவரும் வீராயியிடம்தான் சொன்னேன். அதுவும் வியாழக்கிழமை மீன் வேண்டாம், ஊரில் இருக்க மாட்டேன் என்று சொல்லப் போய்.

"பட்டணத்துல இன்னா வேல முசே?" எங்கள் ஊரில் 'ஐயா'வுக்கு 'முசே' என்பார்கள்.

"ரேடியோவுல கதை சொல்லப் போறேன்."

"யாருக்கு?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "கேக்கறவங்களுக்கு" என்றேன். அவள் கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நெல்லித்தோப்பு காப்பி கிளப்புல அந்தப் பொட்டி பாடுது. சாயங்காலம் அந்தப் பக்கந்தான் இருப்பேன். எத்தினி மணிக்கு?"

"ஆறேகால்" என்றேன். மீன்காரிக்கு ஆறேகால் எப்படித் தெரியும் என்று ஓர் அலட்சியம் எனக்கு.

பிரிட்டிஷ் எல்லையில் சுங்கக்காரன் என் பையைக் கவிழ்த்துச் சாராயப் புட்டி தேடினான். கிடைத்தது கதைக் கட்டு. மூன்று பக்கம் புரட்டிவிட்டு, "வேற ஒண்ணும் இல்லியா?" என்று ஏமாற்றத்தோடு திருப்பிக் கொடுத்தான். என் முதல் வாசகன்.

நிலையத்தில் தெய்வசிகாமணி என்ற அதிகாரி மரியாதையாகத்தான் இருந்தார். ஒத்திகைக்கு எதிரே உட்கார்ந்து, தாமதிக்காமல் படிக்கும்படி கையால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். படித்து முடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு நிமிஷம் குறையுதே சார்?"

"வீட்டுல ஆறு தடவை பாத்தேன். கச்சிதமா பன்னண்டு."

"அப்ப அங்க எப்படி வாசிச்சீங்களோ, அப்படியே வாசிங்க. ஒத்துவரலேன்னா வீணை இசைத்தட்டு வெச்சுடுவேன். கதையை இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

இன்னொரு நாளா! நடையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, வீட்டில் படிக்கிற மாதிரியே படித்துப் பார்த்தேன். முதல் வாக்கியம் முடிந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது. தலை இடப்பக்கம் திரும்பியது. அடுத்த வாக்கியம். மறுபடியும் அதே இடப்பக்கம்.

அந்தப் பக்கம்தான் அகஸ்டினாவின் நாற்காலி. நான் எழுதின ஒவ்வொரு கதையையும் அவளுக்குத்தான் முதலில் படிப்பேன். பின்னல் வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' கொட்டுவாள். 'ம்' வராமல் நான் அடுத்த வரிக்குப் போனதில்லை. இரண்டு வருஷமாக, எனக்கே தெரியாமல், வரிக்கு வரி அந்த 'ம்'முக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடிகாரம் அதையும் கதை என்று சேர்த்துக் கணக்குப் பண்ணிவிட்டது. நடைக் கோடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவுகிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதேன்.

ஆறேகாலுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடி அறைக்குள் நானும் ஒரு மைக்கும். படித்தேன். நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் நிறுத்தினேன். மாதா கோயிலுக்குப் பீடத்துணி தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், நாலாவது ஓரம் முடிக்காமலே கண்ணை மூடுகிற கதை. அந்த இடம் வந்தபோது என்னால் மேலே போக முடியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் தெய்வசிகாமணி இரண்டு கையையும் வீசினார். எப்படியோ சமாளித்து மிச்சத்தையும் படித்து முடித்தேன். பன்னிரண்டு நிமிஷம்.

"நேரம் சரியா இருந்தது" என்றார் அவர். "ஆனா நடுநடுவுல அப்படி நின்னா, கேக்கறவங்க பெட்டி கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க சார்."

ராத்திரி ரயிலில் அந்த வார்த்தைதான் கூடவே வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் புதுச்சேரி ஸ்டேஷனில் இறங்கி வீடுவரை நடந்தேன். தெரிந்த முகங்கள் எத்தனையோ எதிர்ப்பட்டன. ஒருவராவது 'கேட்டேன்' என்று சொல்வார்களா என்று வெட்கமில்லாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். ஊஹும்.

கதவைத் திறந்து பையை வைப்பதற்குள் வாசலில் குரல். வெள்ளிக்கிழமை எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் கறி கிடையாது, மீன்தான் என்பதால் வீராயி தவறாமல் வந்துவிடுவாள். தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"கேட்டேன் முசே" என்றாள், கூடையை இறக்கிக்கொண்டே.

"நெசமாவா?"

"கிளப்பு வாசல்ல குந்திக்கினு முழுசுங் கேட்டேன். நீங்க நிறுத்தறப்பல்லாம் 'ம்' கொட்டினேன். காப்பி குடிக்க வந்தவனுங்க, பொட்டிகிட்ட பேசுறா பாருன்னு சிரிக்கிறானுங்க. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. கதைன்னா 'ம்' கொட்டணும் இல்ல?"

"எல்லா எடத்துலயுமா?" என்று கேட்டேன்.

அவள் சங்கரா மீன் இரண்டைத் தேடி எடுத்தாள்.

"ஒரு எடத்துல கொட்டல. அந்தப் பொம்பள கண்ண மூடிட்டான்னு சொல்லிட்டு, ரொம்ப நேரம் சும்மா இருந்தீங்களே, அங்க. அதுக்குப் போயி எப்பிடி 'ம்' கொட்டறது?"

மீனைத் தட்டில் வைத்தாள். நான் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் கூடையைத் தூக்காமல் நின்றாள். உள்ளே மேஜைமேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.