பன் எண்ணுகிற குரல்

மனைவியின் செல்போனில் கண்டக்டர் அந்த நம்பரைப் பார்த்தது வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில்தான். ஒரே மாதத்தில் பதினோரு அழைப்புகள், எல்லாமே ராத்திரி இரண்டு, இரண்டரைக்கு. யாருக்கு? அவள் பகலில் கல்லாவில் உட்காருகிற பேக்கரியில் ராத்திரி முழுக்க மாவு பிசைகிற ரொட்டிக்காரருக்கு. கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்க, அந்நேரத்தில் வேற்று ஆளோடு என்ன பேச்சு?

கேட்டான். அவள் ஒளிக்கவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்தோம் என்று எழுந்து உட்காருகிறாளாம். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, பயம்தான் இந்த ஆட்டம் போடுகிறது, நிதானமாக மூச்சு விட்டால் அடங்கிவிடும் என்றாராம். ரொட்டிக்காரருக்கும் முன்பு இதே தொல்லையாம்.

“என்னை எழுப்ப வேண்டியதுதானே?”

“எழுப்பினேன். மூணு தடவை. வாயு, தண்ணி குடிச்சிட்டுப் படுன்னீங்க.”

அவனுக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அதுவே கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

போகிற வழியில் பேக்கரிக்குள் நுழைந்தான், சட்டையைப் பிடித்துவிடுகிற வேகத்தில். ரொட்டிக்காரர் வழுக்கைத் தலையும் தொப்பையுமாகத் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். இந்த மூஞ்சிக்கா பதினோரு போன் என்று கண்டக்டருக்கு இன்னும் எரிந்தது. அவரோ பதறாமல் விளக்கினார். போனை மாவு டப்பா மேல் வைத்துவிடுவாராம். ஒரு பன்னுக்கு மாவை வெட்டி, எடை பார்த்து, உருட்டி வைத்ததும் எண்ணைச் சொல்வாராம். எண்ணுக்கு ஒரு மூச்சாக அவள் விடுவாளாம். முப்பதுக்குள் அடங்கிவிடுமாம்.

கட்டினவளின் மூச்சுக் கணக்கு இந்த ஆளிடமா? எண்ணத்தானே வேண்டும்! தினமும் பஸ்ஸில் தலை எண்ணுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று கறுவிக்கொண்டே டூட்டிக்குப் போனான்.

மூன்றாம் நாள் ராத்திரி அவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அரைத் தூக்கத்தில் காத்திருந்த கண்டக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் தலை எண்ணி முடிக்கிற வேகம் அது. நாற்பதைத் தொட்டபோது அவள் மூச்சும் அவன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் விறைத்தன.

“மெதுவா...” என்றாள்.

முயன்றான். இருபது வருஷம் ஓடிப் பழகிய நாக்கு, கேட்டால்தானே. போதாததற்கு இப்போது அவனுக்கும் பயம் வந்துவிட்டது.

அவள் போனைப் பார்த்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். போனை எடுக்கவில்லை. சாகிற பயத்திலும் தன்னிடம் அனுமதிக்கு நிற்கிறாள் என்பது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது.

அவனே அந்த நம்பரை அழுத்தினான்.

“நான்தான், அவ வீட்டுக்காரன். எண்ணுங்க.”

ஸ்பீக்கரில் ‘ஒண்ணு’ வந்தது. வெகுநேரம் கழித்துத்தான் ‘ரெண்டு’ வந்தது. அவள் தோள்கள் மெல்ல இறங்கின. இருபத்திரண்டில் மூச்சு சீராகி, அவன் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். கண்டக்டருக்குப் பொறாமை கொஞ்சமும் குறையவில்லை. போனை வைக்க மனமில்லாமல், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் அந்த ஆள் எவ்வளவு நேரம் விடுகிறார் என்று காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.